கருமணலும் அரசின் கடமையும்



சென்ற திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, குன்னத்துகாலில் நமது சங்க அன்பர்கள் சிலர் கூடியிருந்த வேளையில், எதிர்பாராத வகையில் ஒரு வாதம் எழுந்தது. கொல்லங்கோட்டுக் கடற்கரைப் பக்கம் தம் மகளைக் கட்டிக் கொடுத்திருக்கும் பெரியவர் ஒருவர், “மருமகன் வீட்டார் குடியிருக்கும் கரையிலே மணல் எடுக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்கள் எங்கே போவார்கள்?” என்று கவலையோடு சொன்னார். தொழிற்பயிற்சி முடித்து வாகனத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குப் போகக் காத்திருக்கும் இளைஞர் ஒருவர் உடனே, “பாட்டா, அந்த மணலில்தான் மின்சார வண்டிக்கு வேண்டிய காந்தத்தின் மூலப்பொருள் இருக்கிறது. 2025ஆம் ஆண்டில் சீன தேசத்தார் காந்தத்தின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது நம் நாட்டு வண்டித் தொழில் எவ்வளவு திண்டாடியது தெரியுமா?” என்று கேட்டார்.

பெரியவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “சரி மக்கா, நூறு வருஷத்துக்கு மேலாக இந்தக் கரையிலிருந்து மணல் போய்க்கொண்டிருக்கிறதே. மணல் இங்கே இருக்க, காந்தம் மட்டும் ஏன் சீனாவிலிருந்து வரவேண்டும்?” என்றார்.

கூடியிருந்தவர்களில் எவரும் அக்கேள்விக்கு நேராக விடை சொல்லவில்லை. ஒருவர், “சர்க்கார் தொழிலில் தலையிட்டதுதான் காரணம்” என்றார். மற்றொருவர், “சர்க்கார் போதுமான அளவுக்குத் தலையிடாததுதான் காரணம்” என்றார். இருவரும் தத்தம் கட்சியை விடாமல் வீடு திரும்பினார்கள். பின்தங்கிய நாடுகள் யந்திரத் தொழிலில் முன்னேறுவதற்கு அரசாங்கம் செய்யவேண்டியது என்ன என்னும் பெரிய விஷயம், அந்தப் பெரியவரின் சிறிய கேள்விக்குள் முழுவதுமாக அடங்கியிருக்கிறது. ஆகவே இத்திங்கள் அதனையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒன்றைத் தெளிந்துகொள்வது நலம். தொழிலில் முந்திக்கொண்ட நாட்டுக்கும் பிந்தி வந்த நாட்டுக்கும் பாதை ஒன்றன்று. பிந்தி வந்த நாட்டில் முதலீடு செய்யத் துணிபவர் சிலரே. கற்றுத் தேர்ந்த தொழிலாளர் அரியர். மின்சாரமும் சாலையும் துறைமுகமும் குறைவு. முந்திய நாட்டுச் சரக்கோ மலிவாகவும் நயமாகவும் கடைக்கு வந்துவிடுகிறது. இந்நிலையில் பத்து ஆண்டு நஷ்டத்தைத் தாங்கிப் பதினோராம் ஆண்டில் லாபம் காணலாம் என்று காத்திருக்கத் தனி வியாபாரியால் இயலுவதில்லை. காத்திருக்கக்கூடிய மடி அரசாங்கம் ஒன்றுக்கே உண்டு.

ஜப்பான் இதற்கு நல்ல உதாரணம். 1872ஆம் ஆண்டில் தொமியோகா என்னும் ஊரில் அந்நாட்டு அரசாங்கமே ஒரு பட்டு நூற்பாலையை அமைத்தது. பிரான்சிலிருந்து யந்திரங்களும் நிபுணர்களும் வந்தார்கள். பல மாகாணங்களிலிருந்து வந்து பயின்ற பெண்கள் தம் ஊருக்குத் திரும்பி, அங்குள்ள ஆலைகளில் பிறருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 1893இல் அவ்வாலையை மிட்சுயி நிறுவனத்துக்கு அரசாங்கம் விற்றுவிட்டது. அந்த ஆலை கணக்கில் பெரிய லாபம் காட்டியதா என்பதைக் காட்டிலும், அது நாடு முழுவதற்கும் பள்ளிக்கூடமாக இருந்தது என்பதே முக்கியம்.

ஜப்பானுக்குப் போகாமல் நம் நெய்யாற்றின்கரைத் தாலுகாவிலேயே ஓர் உதாரணம் காணலாம். பாலராமபுரத்தின் நெசவுத் தெருக்களை அறியாதவர் நம்மில் இல்லை. பாலராமவர்ம மகாராஜாவின் காலத்தில், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், தளவாய் உம்மிணித் தம்பியின் முயற்சியால் தமிழ் பேசும் சாலியர் குடும்பங்கள் தெற்கேயிருந்து அழைத்துவரப்பட்டு அங்கே குடியேற்றப்பட்டன. அவர்களும் நம்மைப் போலப் புலம்பெயர்ந்து வந்தவர்களே. சமஸ்தானம் அவர்களுக்குக் குடியிருக்கத் தெரு தந்தது. நெய்த துணியை வாங்க அரண்மனை இருந்தது. தொழில் தெரிந்த கை, தொழில் செய்ய இடம், செய்ததை வாங்க ஆள் ஆகிய மூன்றும் ஒருங்கே கூடியமையால் அத்தொழில் வேர்பிடித்தது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் நட்ட செடி வாடிவிடும் என்பதை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

இனிக் கருமணலின் கதைக்கு வருவோம். 1909ஆம் ஆண்டளவில் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற தென்னைநார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு, அதில் மோனசைட் என்னும் தாது இருப்பதை அறிந்தார். அது எந்தக் கரை மணல் என்று தேடிக்கொண்டு வந்தவர் மணவாளக்குறிச்சியை அடைந்தார். அடுத்த ஆண்டிலேயே அங்கே மணலைப் பிரிக்கும் ஆலை எழுந்தது. 1914இல் முதல் உலகப் போர் மூண்டதும் ஜெர்மானியரின் கையிலிருந்து அத்தொழில் லண்டன் கம்பெனியார் கைக்கு மாறிற்று. முதலாளி மாறினாரேயன்றி மணலின் பயணம் மாறவில்லை. அது மூட்டை மூட்டையாகக் கப்பலேறிச் சென்றுகொண்டே இருந்தது.

அதனால் ஐரோப்பியர் என்ன செய்தார்கள்? நம் வீட்டுப் பெரியோர்களுக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கு நன்றாக நினைவிருக்கும். கல்யாணப் பந்தலிலும் கோயில் திருவிழாவிலும் உஸ்ஸென்ற ஓசையோடு வெள்ளொளி வீசிய அவ்விளக்கின் உயிர் அதனுள் கட்டிய மேண்டில். துணியாலான அச்சிறு பையை ஆஸ்திரிய விஞ்ஞானி கார்ல் ஆவர் கண்ட முறைப்படி, தோரியம் என்னும் பொருளின் உப்புக் கரைசலில் தோய்த்துச் செய்வார்கள். அந்தத் தோரியம் மோனசைட்டில் இருக்கிறது. மணல் இங்கே சல்லிக் காசுக்கு விலைபோக, மேண்டில் அயல்நாட்டு முத்திரையோடு திரும்பி வந்து நல்ல விலைக்கு விற்றது. மணலுக்கும் மேண்டிலுக்கும் இடையேயுள்ள விலை வித்தியாசம் எவருடைய பெட்டிக்குப் போயிற்று? அந்த வித்தியாசத்தின் பெயர்தான் யந்திரத் தொழில்.

கருமணலில் மிகுதியாக உள்ள இல்மனைட்டின் கதையும் அத்தகையதே. வெள்ளைச் சாயத்துக்கு வேண்டிய டைட்டேனியம் அதில் இருக்கிறது. 1922 முதல் அது ஏற்றுமதியாகத் தொடங்கி, 1930களில் உலகச் சந்தைக்கு வந்த இல்மனைட்டில் பெரும்பங்கு திருவிதாங்கூர்க் கரையிலிருந்தே போயிற்று. உலகெங்கும் சுவர்களும் கப்பல்களும் நம் கரைமணலால் வெளுத்தன. நம் கரையிலுள்ள குடிசைகளோ முன்போலவே ஓலைக் கூரையோடு நின்றன.

இந்நிலையை மாற்றவேண்டும் என்னும் எண்ணம் சமஸ்தான நிர்வாகத்துக்கு வந்தது 1930களின் பிற்பகுதியில். திவான் சர் சி.பி. ராமஸ்வாமி ஐயரின் அரசியல் நடவடிக்கைகளைப் பற்றிக் கடுமையான கண்டனங்கள் உண்டு. அவை நியாயமற்றவை அல்ல. ஆயினும் தொழில் விஷயத்தில் அவர் காலத்து அரசாங்கம் ஒழுங்கான முறையில் காரியம் செய்தது என்பதை மறுக்கவொண்ணாது. முதலில் மின்சாரம்: 1940இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்சாரத்தைத் தொடர்ந்து ஆலைகள்: 1943இல் ஆலுவாவுக்கு அருகே உரத் தொழிற்சாலைக்கான கம்பெனி பதிவாயிற்று, சேஷசாயி சகோதரர்கள் என்னும் தமிழ்நாட்டுத் தொழிலதிபர்கள் அதனை முன்னின்று நடத்தினார்கள். 1946இல் இல்மனைட்டை இங்கேயே பக்குவப்படுத்துவதற்காகத் திருவிதாங்கூர் டைட்டேனியம் கம்பெனி தோன்றியது. திருவனந்தபுரத்தை அடுத்த கொச்சுவேளியில் 1951 முதல் அதன் ஆலை வெள்ளைச் சாயப்பொடி செய்யலாயிற்று. தனியார் நிர்வாகத் திறமை, அரசாங்கத்தின் பக்கபலம், அரசாங்கம் தந்த மின்சாரம் ஆகியவை இவற்றில் இணைந்து நின்றன.

மோனசைட்டின் விஷயத்தில் இன்னும் உறுதியான படி எடுக்கப்பட்டது. அணுசக்தியின் காலம் பிறந்துவிட்டமையால் தோரியத்தின் மதிப்பு திடீரென்று உயர்ந்தது. 1946ஐ ஒட்டி, மோனசைட்டை மூலப்பொருளாகவே வெளியே அனுப்புவது நிறுத்தப்பட்டது. 1950 ஆகஸ்டு 18ஆம் நாள் இந்திய அரசாங்கமும் திருவிதாங்கூர்–கொச்சி அரசாங்கமும் சேர்ந்து இந்தியன் ரேர் எர்த்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கின. பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் தொழில் உதவியோடு ஆலுவாவில் அமைந்த அதன் ஆலையை 1952 டிசம்பரில் பிரதமர் நேரு திறந்துவைத்தார்.

இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையே நடந்த ஒரு சம்பவத்தை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும். 1951இல் இந்தியாவில் உணவுப் பஞ்சம். அமெரிக்காவிடமிருந்து 20 லட்சம் டன் கோதுமை வாங்குவதற்கு 19 கோடி டாலர் கடன் வேண்டியிருந்தது. அதற்கு ஈடாக மோனசைட் போன்ற பொருள்களை இந்தியா தரவேண்டும் என்று அமெரிக்கக் காங்கிரஸில் வற்புறுத்தல் எழுந்தது. பசித்த நாடாயினும் நேரு அதற்கு இசையவில்லை. மோனசைட்டை மூலப்பொருளாக விற்பதில்லை என்ற கொள்கை நின்றது. கோதுமைக் கடனும் கிடைத்தது. பசித்த வயிற்றோடு விதைநெல்லைக் காப்பாற்றிய குடியானவனின் செய்கை அது.

இதுவரை கேட்டவர்கள், “அப்படியானால் எல்லாம் சரியாகத்தானே நடந்திருக்கிறது?” என்று எண்ணக்கூடும். விதைநெல்லைக் காப்பது வேறு, விதைப்பது வேறு. பெரியவரின் கேள்விக்கு விடை இவ்விடத்தில்தான் தொடங்குகிறது.

மோனசைட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு தோரியம். அருமண் தனிமங்கள் என்று இப்போது பெயர்பெற்ற பொருள்களோ பாதிக்கு மேல். ஆயினும் அரசாங்கத்தின் கண் தோரியத்தின் மேலேயே இருந்தது. டாக்டர் ஹோமி பாபா வகுத்த மூன்று கட்ட அணுசக்தித் திட்டத்தில், கடைசிக் கட்டம் தோரியத்தால் மின்சாரம் உண்டாக்குவது. அக்கட்டத்தின் வணிக மின்நிலையம் இன்னும் எழவில்லை. அருமண்கள் அந்நாளில் உபபொருளாகவே கருதப்பட்டன. சிகரெட் கொளுத்தும் லைட்டரின் கல்லுக்கும் இன்னும் சில சிறு தொழில்களுக்கும் அவை பயன்பட்டன. நியாயமாகச் சொல்வதாயின், இதில் குற்றம் காண்பதற்கில்லை. ஏனெனில் இன்று பேசப்படும் நியோடிமியம் காந்தம் 1952இல் உலகில் எங்குமே கிடையாது. 1980களின் தொடக்கத்தில்தான் ஜப்பானியரும் அமெரிக்கரும் அதனைத் தனித்தனியே கண்டுபிடித்தார்கள்.

குற்றம் அதற்குப் பிற்பட்ட காலத்தைச் சேர்ந்தது. 1980களில் அருமண்களுக்குப் புதிய பயன் பிறந்தபோது, மண்ணைப் பிரிக்கத் தெரிந்த ஆலையும் முப்பது ஆண்டு அநுபவமும் நம்மிடம் இருந்தன. மணவாளக்குறிச்சியிலும் கொல்லத்தை அடுத்த சவராவிலும் இருந்த மணல் ஆலைகளும் 1965இலேயே அரசாங்க நிறுவனத்தின் கைக்கு வந்துவிட்டன. மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருந்தமையால் தனியார் அதனைத் தொடவும் இயலாது. ஆக, செய்யக்கூடியது அரசாங்கம் ஒன்றே. அது அடுத்த படியை எடுக்கவில்லை. பிரித்த மண்ணை உலோகமாக்கி, உலோகத்தைக் காந்தமாக்கி, காந்தத்தை வாங்கும் மோட்டார்த் தொழிலோடு இணைக்கும் சங்கிலி கோக்கப்படவில்லை. பின்னர்ச் சீனச் சரக்கு மலிவாக வந்து குவிந்தபோது, மண் பிரிக்கும் வேலையே கட்டுப்படியாகாமல், 2004ஆம் ஆண்டளவில் ஆலுவாவில் மோனசைட்டைப் பக்குவப்படுத்துவது நின்றுபோயிற்று. பல ஆண்டுகள் கழித்தே ஒடிசாவில் அது மீண்டும் தொடங்கியது.

பாலராமபுரத்தின் மூன்று விதிகளை இங்கே பொருத்திப் பாருங்கள். தொழில் தெரிந்த கை இருந்தது. தொழில் செய்யும் இடமும் இருந்தது. வாங்கும் ஆளை மட்டும் எவரும் தேடவில்லை. வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவர், உள்ளே இருப்பவர்களுக்குச் சோறு சமைக்கவும் கடமைப்பட்டவர் அல்லவா? பிறர் செய்யலாகாது என்று ஒரு தொழிலைத் தனக்கே ஒதுக்கிக்கொண்ட அரசாங்கம், அதனைச் செய்து முடிக்கும் பொறுப்பையும் சேர்த்தே ஒதுக்கிக்கொள்கிறது.

அதே காலத்தில் சீன அரசாங்கம் என்ன செய்தது? பாவோதௌ நகரத்தை அடுத்த பெரிய சுரங்கத்தோடு அது திருப்தியடையவில்லை. மண்ணைத் தனித்தனியாகப் பிரிக்கும் ரசாயன முறையில் தம் விஞ்ஞானிகளை 1970களிலேயே ஈடுபடுத்தியது. 1980களில் ஏற்றுமதிக்கு வரிச்சலுகை தந்தது. 1995இல் அமெரிக்காவின் காந்தக் கம்பெனி ஒன்றைச் சீன நிறுவனங்கள் சேர்ந்து வாங்க, சில ஆண்டுகளில் அதன் யந்திரங்களும் வித்தையும் சீனாவுக்குப் போய்ச் சேர்ந்தன. மண், உலோகம், காந்தம், மோட்டார், வண்டி என்று ஒவ்வொரு படியாக ஏறி, உலகில் செய்யப்படும் இவ்வகைக் காந்தங்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கைத் தன் வசமாக்கிக்கொண்டது. 2025 ஏப்ரலில் அதன் ஒரே ஓர் உத்தரவு உலகத்து வண்டித் தொழிலை நடுங்கச் செய்ததன் காரணம் இதுவே.

தென்கொரியாவின் வழி மற்றொன்று. 1968இல் அந்நாட்டு அரசாங்கம் போஸ்கோ என்னும் உருக்கு நிறுவனத்தைத் தொடங்கியபோது, அத்தொழில் அவ்வேழை நாட்டுக்குத் தாங்காது என்று உலக வங்கியார் கருதினார்கள். 1973இல் உருக்கு வார்க்கப்பட்டது. தனியார் தொழிலுக்கும் அரசாங்கம் குறைந்த வட்டியில் கடன் தந்தது. ஆனால் சும்மா தரவில்லை. இத்தனை சரக்கை வெளிநாட்டில் விற்றுக் காட்டவேண்டும் என்று கணக்குக் கேட்டது. காட்டாதவர்களுக்கு அடுத்த முறை கடன் சுருங்கியது. கொடுக்கும் கை கேட்கும் கையாகவும் இருந்தது. நம் நாட்டில் அரசாங்கங்கள் கொடுப்பதில் பெரும்பாலும் குறை வைத்ததில்லை. கணக்குக் கேட்பதில்தான் தாட்சண்யம் பார்த்தன. நஷ்டத்தில் ஓடும் ஆலைக்கு ஆண்டுதோறும் பணம் ஊற்றுவது ஒரு தவறு. ஒரு நாள் திடீரென்று கையை விரித்து இழுத்து மூடுவது மற்றொரு தவறு. இரண்டுக்கும் நடுவே, “எந்த ஆண்டுக்குள் எந்தப் படியை எட்டுவாய்?” என்று கேட்பதே அரசின் உண்மையான வேலை.

இப்போது மத்திய அரசாங்கம் விழித்துக்கொண்டிருக்கிறது. 2023 மே மாதத்தில் விசாகப்பட்டினத்தில் சமேரியம்–கோபால்ட் காந்தம் செய்யும் ஆலை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2025 நவம்பரில், ஆண்டுக்கு 6,000 டன் அருமண் காந்தம் செய்யும் திறனை உண்டாக்குவதற்காக 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வரவேற்கத்தக்க செய்திதான். ஆயினும் பணம் ஒதுக்குவது முதல் படியே. பயிற்சி எங்கே, வாங்குபவர் யார், கணக்குக் கேட்பவர் யார் என்னும் கேள்விகளை நாம் மறந்துவிடலாகாது.

இனி, பெரியவரின் முதல் கவலைக்கு வருவோம். அதனை இறுதியில் வைத்தமைக்குக் காரணம் அது சிறிது என்பதன்று. மற்றவற்றையெல்லாம் அறிந்த பிறகே அதன் கனம் விளங்கும் என்பதே.

கன்னியாகுமரி மாவட்டத்தில் கிள்ளியூர்த் தாலுகாவின் கரையோரக் கிராமங்களில் ஆயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் மணல் எடுக்க அரசாங்க நிறுவனம் திட்டமிட்டிருக்கிறது. அக்கிராமங்களில் கொல்லங்கோடும் ஒன்று. இதனைப் பற்றி மக்கள் கருத்தைக் கேட்க 2024 அக்டோபரில் நடக்கவிருந்த கூட்டம், எதிர்ப்பு வலுத்தமையால் தள்ளிவைக்கப்பட்டது. பிறகு 2025 செப்டம்பரில், அணுசக்திக் கனிமங்களும் முக்கியக் கனிமங்களும் எடுக்கும் சுரங்கங்களுக்குப் பொதுமக்களின் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு அளித்தது. தமிழ்நாடு அரசு அதனை ஆட்சேபித்தது.

அக்கரை மக்களின் அச்சங்கள் பலவகைப்பட்டவை. தோரியத்தின் கதிர்வீச்சு ஒன்று. இதில் நாம் உண்மையோடு பேசவேண்டும்: இதே வகை மணல் நிறைந்த கருநாகப்பள்ளியில் பல்லாயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆராய்ச்சி, மண்ணின் இயற்கையான கதிர்வீச்சினால் புற்றுநோய் மிகுவதாகக் காணவில்லை. ஆனால் கடல் அரிப்பு, குடிநீர், வலை உலர்த்தும் கரை, நிலத்தை இழந்தால் போக்கிடம் ஆகியவற்றுக்கு அந்த ஆராய்ச்சி விடை ஆகாது. அவற்றுக்கு விடை சொல்லவேண்டியவர் மணலைக் கேட்பவரே. “நாட்டுக்கு வேண்டும்” என்பது நல்ல காரணம்; அது கேளாமல் எடுப்பதற்குரிய அநுமதிச் சீட்டன்று. சீனத்தின் பாவோதௌவில் ஆலைக் கழிவு நீர் தேங்கிய பெரும் ஏரியையும், அதன் அருகே விளைநிலம் கெட்டு ஊர்விட்டுப் போன குடியானவர்களையும் உலகம் பார்த்துவிட்டது. அந்நாட்டின் முன்னேற்றத்தைப் பின்பற்றலாம்; அந்த ஏரியைப் பின்பற்றவேண்டியதில்லை.

ஆகவே, தொழில் விஷயத்தில் அரசின் கடமை மூன்று என்று நமக்குப் படுகிறது. தனியொருவரால் தொடங்க இயலாததைத் தொடங்குதல். தொடங்கியதை அடுத்த படிக்கு இட்டுச் செல்லும்வரை கணக்குக் கேட்டுத் தொடர்தல். அதற்கு விலை கொடுப்பவர்களின் சொல்லைக் காது கொடுத்துக் கேட்டல். முதல் கடமையை நம் அரசாங்கங்கள் 1940களிலும் 1950களிலும் மனத்துணிவோடு செய்தன. இரண்டாவதில் தவறின. அந்தத் தவற்றின் பலனாகிய அவசரத்தில், மூன்றாவதைக் கைவிடத் துணிகின்றன. முப்பது ஆண்டு தூங்கியவர் விடியற்காலையில் ஓடும்போது வழியில் நிற்பவரை இடித்துத் தள்ளுவது நியாயமாகாது.

நம் குடும்பங்களுக்கு இதில் தனியான ஓர் உறவு உண்டு. 1956 நவம்பர் 1ஆம் நாள் எல்லை வகுக்கப்பட்டபோது கல்குளமும் விளவங்கோடும் அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதன் விளைவாக இன்று மணல் ஒரு மாநிலத்தில், அதைப் பக்குவப்படுத்திய ஆலை மற்றொரு மாநிலத்தில், உத்தரவு பிறப்பது டில்லியில். பெண் கொடுத்தும் பெண் எடுத்தும் இரு பக்கத்திலும் உறவு வைத்துக்கொண்டிருக்கும் நாம், எந்தப் பக்கத்து வாக்காளர் என்னும் காரணத்தால் மறுபக்கத்துக் கவலையை அயலார் கவலையாக எண்ணலாகாது. அங்கே உறவினர் இருப்பவர்கள், நிலத்தின் பத்திரமும் பட்டாவும் சரியாக உள்ளனவா என்று பார்த்து வைக்கச் சொல்லுங்கள். கருத்துக்கேட்புக் கூட்டம் கூடினால் தவறாது போய்த் தங்கள் சொல்லை எழுத்தில் பதியச் சொல்லுங்கள். கூட்டம் கூடாவிட்டால், ஏன் கூடவில்லை என்று இரு மாநிலத்துப் பிரதிநிதிகளையும் கேளுங்கள்.

நம் இளைஞர்களுக்கும் ஒரு சொல். மணலைச் சுமந்து ஏற்றும் கூலியோடு இந்தக் கரையின் பங்கு முடிந்துவிட்டால், ஷோம்பெர்க் வந்த 1909ஆம் ஆண்டில்தான் நாம் இன்னும் நிற்கிறோம் என்பது பொருள். ரசாயனமும் உலோகவியலும் மின்யந்திரமும் கற்றுக்கொள்ளுங்கள். நாளைக்குக் காந்த ஆலை எழும்போது, அதன் வாயிற்காவலோடு நில்லாமல் அதன் ஆய்வுக்கூடத்திலும் நம் வீட்டுப் பிள்ளைகளும் பெண்களும் இருக்கவேண்டும்.

இக்கட்டுரையை எழுதி முடித்தபின் அப்பெரியவரிடம் வாசித்துக் காட்டினோம். கண்ணை மூடிக் கேட்டிருந்தவர், “மணல் ஏன் காந்தமாகவில்லை என்பது இப்போது தெரிகிறது. ஆனால் மகளுக்கு நான் என்ன பதில் சொல்ல?” என்றார். வாதம் செய்த அந்த இளைஞர், இம்முறை வாதம் செய்யாமல், “வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் உங்களோடு கொல்லங்கோட்டுக்கு வருகிறேன் பாட்டா. அவர்கள் சொல்வதைக் கேட்டு மனுவாக எழுதித் தருகிறேன்” என்றார். அரசாங்கம் செய்ய மறந்த மூன்றாவது கடமையை, நம் சங்கத்துப் பிள்ளை ஒருவராவது தொடங்கிவைக்கிறார். அது நிறைவேற நம் எல்லோருடைய துணையும் வேண்டும்.